பேனா சோறு போடுமா? நாமக்கல் கவிஞரின் வரவு செலவுக் கணக்கு



நம் பகுதியில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி இந்த இதழுக்கு எழுதும்படி செய்திமடல் குழுவினர் கேட்டார்கள். யாரைப் பற்றி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நம் குடியிருப்பிலேயே நடந்த ஒரு சின்ன விஷயம் அதை முடிவு செய்து கொடுத்தது.

நம் பிளாக் ஒன்றில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு வருடமாக உட்கார்ந்து ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். அதை வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்து ஒப்பந்தம் அனுப்பியது. நான் பேங்க்கில் வேலை பார்த்தவன் என்பதால், அவளுடைய அம்மா அந்தத் தாள்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மொத்தம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் விஷயம் இருந்தது. கதையின் எல்லா உரிமையும், எல்லா மொழியிலும், எல்லா வடிவத்திலும், காலவரையறை இல்லாமல் நிறுவனத்துக்குச் சொந்தம். பதிலுக்கு ஒரே தவணையாக ஐயாயிரம் ரூபாய்.

வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மகள் எழுதியதற்குப் பணம் வருகிறதே! நான் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். அந்த இரண்டு நாளும் எனக்கு நினைவில் வந்துகொண்டே இருந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை.

நான் பி.காம். படித்தவன். கவிதையை எடை போட எனக்குத் தெரியாது. வரவு, செலவு, இருப்பு இந்த மூன்றும்தான் தெரியும். கவிஞரின் வாழ்க்கையை அந்தக் கண்ணால் பார்த்தால் என்ன தெரிகிறது என்று எழுதியிருக்கிறேன்.

மோகனூரில் பிறந்த பிள்ளை

காவிரிக் கரையில் உள்ள மோகனூரில் 1888 அக்டோபர் 19 அன்று அவர் பிறந்தார். அப்போது நாமக்கல் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 1997-இல்தான். தந்தை வெங்கடராமப் பிள்ளை காவல் துறையில் வேலை பார்த்தவர். தாயார் அம்மணி அம்மாள். பிள்ளைகள் நிறைந்த வீடு. இவர் எட்டாவது குழந்தை.

நாமக்கல், கோயம்புத்தூர், திருச்சி என்று மூன்று ஊர்களில் படித்தார். படிப்புக்குப் பின் நாமக்கல் தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை. அதன்பின் கொஞ்ச காலம் தொடக்கப் பள்ளி ஆசிரியர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலைகள் இரண்டையும் அவர் பார்த்துவிட்டார். இரண்டிலும் நிலைக்கவில்லை. காரணம், அவர் கையில் வேறொரு தொழில் இருந்தது. அது எழுத்து அல்ல, ஓவியம்.

முதல் கணக்கு: தூரிகை

சிறு வயது முதலே நன்றாக வரைவார். போட்டோ எடுப்பது அரிதாகவும், எடுத்தாலும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்த காலம் அது. வசதியுள்ள வீடுகளில் பெரியவர்களின் உருவத்தை வண்ணத்தில் வரைந்து மாட்டுவது பெருமை. அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு டில்லியில் முடிசூட்டு தர்பார் நடந்தது. அதையொட்டி அவர் வரைந்த படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வெள்ளைக்கார அரசரைப் படம் வரைந்து பதக்கம் வாங்கியவர் பிற்காலத்தில் அதே அரசால் சிறையில் அடைக்கப்பட்டார் என்பது காலத்தின் விளையாட்டு.

ஓவியத்தில் வருமானம் உண்டு. ஆனால் அது கூலி மாதிரியான வருமானம். ஒரு படம் வரைந்தால் ஒரு முறை பணம். படம் வாங்கியவர் வீட்டுச் சுவருக்குப் போய்விடும். அதை ஆயிரம் பேர் வந்து பார்த்தாலும் வரைந்தவருக்கு மேற்கொண்டு காலணா கிடையாது. அடுத்த மாதம் சோறு வேண்டுமென்றால் அடுத்த படம் வரைய வேண்டும். உடம்பு படுத்தால் வரவும் படுத்துவிடும். நம் ஊர்ப் பக்கம் தறிக்கூலி வாங்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இரண்டாம் கணக்கு: தேசம்

தேசப் பற்று அவரைப் பிடித்துக்கொண்டது. முதலில் திலகர் வழியில் நின்றார். பிறகு காந்திஜி வழிக்கு வந்தார். காங்கிரஸ் வேலை என்று ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தபின் தூரிகை பிடிக்கும் நேரம் குறைந்தது. சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி அவருக்கு நெருக்கமானார்.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாகிரக யாத்திரை கிளம்பியது. தொண்டர்கள் நடந்துகொண்டே பாடுவதற்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. அதை எழுதிக் கொடுத்தவர் இராமலிங்கம் பிள்ளை. கத்தியும் ரத்தமும் இல்லாத ஒரு போரைப் பற்றிய அந்தப் பாட்டு என்னைப் போன்ற வயதுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். வழிநெடுகக் கேட்டவர்கள் அதைக் கற்றுக்கொண்டு தங்கள் ஊர்களில் பாடினார்கள். தமிழ்நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது.

பேரேட்டில் இந்தப் பாட்டுக்கு எதிரே எவ்வளவு வரவு என்று எழுதுவது? பூஜ்யம்தான். அவர் கேட்கவும் இல்லை, கேட்கிற காரியமும் அல்ல. 1932-இல் ஓராண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. வரைந்தால்தான் வருமானம் என்ற தொழில்காரர் ஓராண்டு உள்ளே இருந்தால் குடும்பத்தின் நிலை என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, அவருக்குப் பணம் கொடுத்த தொழில் ஓவியம். பெயர் கொடுத்த தொழில் எழுத்து. பெயர் ஏற ஏறப் பணம் இறங்கியது.

அவருக்கு முன்பே இந்தக் கஷ்டத்தில் மாட்டியவர் பாரதியார். பிள்ளை ஓவியராக இருந்த காலத்தில் செட்டிநாட்டுப் பக்கம் பாரதியாரைச் சந்தித்திருக்கிறார். பாரதியார் தம் கடைசிக் காலத்தில் ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு விற்க வேண்டும். அதற்கு முதல் தேடி, ஆளுக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் கடன் தரும்படியும், வட்டியோடு திருப்பித் தருவதாகவும் அன்பர்களுக்கு எழுதினார். அவர் தானம் கேட்கவில்லை. கடன்தான் கேட்டார். பேங்க்கில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. எழுத்து ஒரு தொழில், அதற்கு முதலீடு வேண்டும், லாபம் வரும், வட்டி கட்ட முடியும் என்று அவர் நம்பினார். திட்டம் நடக்கவில்லை. 1921-இல் காலமானார்.

மூன்றாம் கணக்கு: புத்தகம்

1940-களில் இராமலிங்கம் பிள்ளையின் நூல்கள் வரிசையாக வெளிவந்தன. சென்னையில் சின்ன அண்ணாமலை நடத்திய தமிழ்ப் பண்ணை அவர் நூல்களை நன்றாக அச்சிட்டு விற்றது. கவிதைகள், என் கதை என்ற தன்வரலாறு, திருக்குறள் உரை, நாவல்கள் என்று அவர் பலவகையிலும் எழுதினார். கவிஞரின் சிரமத்தைப் பார்த்து, அன்பர்கள் நிதி திரட்டிப் பண முடிப்பும் அளித்தார்கள்.

புத்தகத்தின் கணக்கு ஓவியத்தின் கணக்கைப் போன்றதல்ல. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இளைஞர்களுக்குப் பயன்படும். ஒரு புத்தகத்தின் விலை 200 ரூபாய், ஆசிரியருக்கு ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 20 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 20,000 ரூபாய். தமிழில் ஆயிரம் பிரதி விற்கப் பல புத்தகங்களுக்கு வருடக்கணக்காகும். இரண்டு வருட உழைப்புக்கு இது கூலிக்கும் காணாது. ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. எழுதியவர் தூங்கினாலும் புத்தகம் விற்கும். எழுதியவர் போன பின்பும் விற்கும். கூலி என்பது வருமானம் மட்டும். உரிமை என்பது சொத்து.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிளையில் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேஜையில் இருந்தேன். எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் லாரிக்காரர்கள், கோழிப்பண்ணை வைப்பவர்கள், தறி போடுபவர்கள். லாரிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கும். பண்ணைக்குப் பட்டா இருக்கும். ஒரு நாள் வயதான எழுத்தாளர் ஒருவர் மகள் கல்யாணச் செலவுக்குக் கடன் கேட்டு வந்தார். தொழில் என்ற இடத்தில் எழுத்து என்று எழுதியிருந்தார். மாத வருமானம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். அதை நிரப்பாமல் வாங்க முடியாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து தம் புத்தகம் ஒன்றை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் செய்தது விதிப்படி சரி. ஆனாலும் அந்தப் புத்தகத்தை இன்று வரை என்னால் படிக்க முடியவில்லை. அவருடைய உரிமைகள் யாரிடம் இருந்தன, வருடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று இரண்டு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

நான்காம் கணக்கு: மலைக்கள்ளன்

கவிஞர் எழுதிய நாவல்களில் மலைக்கள்ளன் பெரும் பெயர் பெற்றது. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு அதைப் படமாக எடுத்தார். எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பு, வசனம் மு. கருணாநிதி. 1954-இல் வெளியாகி அபார வெற்றி. தமிழில் சிறந்த படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது.

அதோடு நிற்கவில்லை. இதே கதை தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம் என்று மொத்தம் ஆறு மொழிகளில் படமானது. திலீப் குமார் நடித்த ஆசாத் என்ற இந்திப் படம் இந்தக் கதைதான். நாமக்கல்காரர் ஒருவர் எழுதிய கதை பம்பாயிலும் கொழும்பிலும் ஓடியிருக்கிறது.

அந்தக் காலத்தில் சினிமாதான் எழுதுபவர்களுக்குப் பெரிய வரவாக இருந்தது. நம் சேலத்திலேயே ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. கருணாநிதி, பாரதிதாசன், கண்ணதாசன் போன்றவர்கள் அங்கே எழுதியிருக்கிறார்கள். இன்று அந்த வழியாகப் போகும்போது எஞ்சியிருக்கும் அந்த நுழைவு வளைவைப் பார்க்கிறோம். எழுத்தையே நம்பிப் பிழைக்க வந்தவர்கள் அதன் வழியாக நடந்திருக்கிறார்கள்.

சினிமாவுக்குக் கதை கொடுப்பதை நாமக்கல் பாஷையில் சொல்கிறேன். லாரி வைத்திருப்பவர் அதை ஒரு லோடுக்கு வாடகைக்கு விடலாம், அல்லது ஆர்.சி. புத்தகத்தோடு விற்றுவிடலாம். இரண்டும் நியாயமான வியாபாரம்தான். ஆனால் வாடகைப் பணத்துக்கு லாரியையே எழுதிக் கொடுப்பவர் யாரும் இல்லை. எழுத்தில் மட்டும் இது தினமும் நடக்கிறது. ஒரு மொழிப் படத்துக்கு என்று கொடுப்பது ஒரு லோடு. எல்லா மொழிக்கும் என்றென்றைக்கும் என்று கொடுப்பது ஆர்.சி. புத்தகம். ஒரே கதை ஆறு மொழியில் ஓடும் என்பதற்கு நம் ஊர்க் கவிஞரின் கதையே சாட்சி.

இன்றைய பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது, அதாவது மலைக்கள்ளன் வெளியாகி மூன்று ஆண்டு கழித்து. இப்போதுள்ளபடி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012-இல் வந்த திருத்தத்தின்படி, படத்தில் சேர்ந்த எழுத்தும் பாட்டும் தியேட்டருக்கு வெளியே வேறு வழியில் பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு. கவிஞர் காலத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஐந்தாம் கணக்கு: மரியாதை

1949-இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞர் ஆக்கியது. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் கவிஞர் இவர். பிறகு சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1971-இல் பத்மபூஷண் விருது. 1972 ஆகஸ்ட் 24 அன்று காலமானார். தலைமைச் செயலகத்தில் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். நாமக்கல்லில் அரசு மகளிர் கலைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இவையெல்லாம் அவருக்குத் தகுந்த மரியாதைகள். ஆனால் இந்த வரவை வேறு தலைப்பில்தான் எழுத வேண்டும். பதவியும் பண முடிப்பும் விருதும் ஒருவர் பெரிய பெயர் எடுத்த பின்பே வருகின்றன. அவருக்கு அரசவைப் பதவி கிடைத்தபோது வயது அறுபது. நாம் ஓய்வு பெறும் வயதில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது! அதற்கு முன் இருந்த நாற்பது வருடத்தை யார் ஈடு கட்டுவது? கோடியில் ஒருவருக்குக் கிடைக்கும் பதவியை நம்பி யாரும் எழுத வர முடியாது.

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்தது. நாட்டுடைமை என்றால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யாருக்கும் ராயல்டி தர வேண்டாம். பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு வாங்கியதும் 1949-இல்தான். நாட்டுடைமை ஆகாமல் இருந்திருந்தால் இராமலிங்கம் பிள்ளையின் நூல்களுக்கு 2032 முடியும் வரை உரிமை இருந்திருக்கும். புத்தகங்கள் மறைந்து போகாமல் மக்கள் கைக்கு வருவதற்கு நாட்டுடைமை நல்ல வழி. அது எழுதியவரின் வாரிசுக்கு உதவுகிறது. எழுதிய காலத்தில் எழுதியவரின் அடுப்பு எரிய அது உதவாது.

இருப்பு என்ன?

ஐந்து கணக்கையும் கூட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். நாமக்கல் கவிஞர் எந்தக் காலத்திலும் ஒரே வரவை நம்பி வாழ முடியவில்லை. எழுத்தர், ஆசிரியர், ஓவியர், நூலாசிரியர், கதாசிரியர், அரசவைக் கவிஞர் என்று மாறி மாறி வந்த வரவுகளில்தான் அவர் குடும்பம் நடந்தது. இன்றும் எழுதுபவர்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான். ஆகவே எழுத விரும்பும் பிள்ளைகளை வேலையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தால் என்ன வரப்போகிறது, ஓசியில் கொடுத்துவிட்டுப் போ என்றும் சொல்ல மாட்டேன். வரவு இன்று சிறியதாக இருக்கலாம். சொத்தை மட்டும் கைவிடக் கூடாது. தேசத்துக்காகக் கவிஞர் பாட்டைச் சும்மா கொடுத்தார், அது அவர் விரும்பிச் செய்த தானம். தெரியாமல் கையெழுத்துப் போட்டு இழப்பது தானம் ஆகாது.

ராயல்டி வாங்குபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அதுவும் வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இலக்கிய நூல்களின் ராயல்டியில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு கேட்க இடம் உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மாலை கிளப் ஹவுஸில் அவள், அம்மா, நான் மூவரும் உட்கார்ந்தோம். என்றென்றைக்கும் என்பதை மூன்று ஆண்டு என்று மாற்றினோம். எல்லா மொழியும் என்பதைத் தமிழ் என்று மாற்றினோம். சினிமா, நாடக உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தோம். ஐயாயிரத்தை முன்பணமாக வைத்து, பிரதிக்கு இத்தனை சதவீதம் என்றும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கு தர வேண்டும் என்றும் எழுதினோம். கடிதம் போய் மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்று அம்மாவுக்குக் கவலை. அவர் என்னிடம் சொல்லவில்லை, லிப்டில் பார்க்கும்போது முகத்தில் தெரிகிறது. எனக்கும் உறுத்தல் இல்லாமல் இல்லை. அந்தப் பெண் மட்டும் இரண்டாவது நாவலை ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள்.

நாமக்கல் ஆஞ்சநேயர் கோவிலுக்கு நம்மில் பலரும் போய்வருகிறோம். கவிஞர் வாழ்ந்த வீடு அதே ஊரில் நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போங்கள். நம் குடியிருப்பில் எழுதுபவர்கள் வேறு யாராவது இருந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தாளைப் படித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டால், மாலை ஐந்து மணிக்கு மேல் பூங்காப் பெஞ்சில் இருப்பேன். வருமானக் கட்டம் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை.

– ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்